பதிமூன்று ஊர் ரேடியோ



போன மாதம் நேரு வீதியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், "டிஜிட்டல் ரேடியோ இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பையன் நல்லவன், சிரிக்கவில்லை. ஒரு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து மேஜையில் வைத்து, "இதுல எஃப்.எம். வரும் ஐயா, நம்பர் டிஜிட்டலா காட்டும்" என்றான். எண் டிஜிட்டலாகத் தெரிவது வேறு, ஒலிபரப்பே டிஜிட்டலாக வருவது வேறு, டி.ஆர்.எம். என்று ஒரு முறை இருக்கிறது, அகில இந்திய வானொலியே அதில் ஒலிபரப்புகிறது என்று சொன்னேன். உள்ளே போய் முதலாளியைக் கேட்டு வந்தான். "அது கார்லதான் வருமாம் ஐயா. கார் வாங்கினீங்கன்னா அதோட வரும்."

எழுபது வயதுக்கு மேல் கார் வாங்கி ரேடியோ கேட்கச் சொல்கிறான் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பையன் சொன்னதுதான் நம் நாட்டின் டிஜிட்டல் ரேடியோக் கொள்கை. அதைவிடச் சுருக்கமாக டில்லியில் யாராலும் சொல்ல முடியாது.

பிரசார் பாரதி பொதுப் பணத்தைச் செலவழித்து முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை டி.ஆர்.எம். ஒலிபரப்புக்கு ஏற்றபடி அமைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சில கார் கம்பெனிகள் தாங்களாகவே அந்த ரிசீவரைப் பொருத்தித் தருகின்றன. ஆனால் விற்கும் ரேடியோப் பெட்டியில் அது இருக்க வேண்டும் என்று இன்றுவரை ஒரு விதி கிடையாது. தெருக்குழாய் போட்டுத் தண்ணீரும் விட்டாயிற்று; குடம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. இருந்தாலும் ஆயிரக்கணக்கில் விலை. ரேடியோ யாருக்கு வேண்டும்? டீக்கடைக்காரருக்கு, படகில் போகிறவருக்கு, என்னைப் போல் இரவில் தூக்கம் வராத கிழவனுக்கு. கார் வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே ஆயிரம் பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன.

இது அரசு ரேடியோவின் கதை. தனியார் பக்கம் இன்னும் வேடிக்கை. டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 பிப்ரவரியில் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு டிஜிட்டல் வேண்டும் என்று ஒரு பரிந்துரை கொடுத்தது. 2024 செப்டம்பரில் அதே விஷயத்துக்கு மறுபடியும் ஒரு கலந்தாய்வு அறிக்கை. 2025 அக்டோபரில் புதிய பரிந்துரை. அதன் சாரம் இது. நான்கு பெருநகரங்கள், அடுத்த நிலையில் ஒன்பது நகரங்கள், ஆகப் பதிமூன்று ஊர்களில் புதிய அலைவரிசைகளை ஏலம் விடலாம். ஒரே அலைவரிசையில் பழைய முறையில் ஒரு நிகழ்ச்சி, டிஜிட்டலில் மூன்று நிகழ்ச்சி, கூடவே தகவல் அனுப்ப ஒரு வழி. நாடு முழுவதும் ஒரே தொழில்நுட்பம்தான் இருக்க வேண்டும். ஆனால் போட்டியில் நிற்கும் டி.ஆர்.எம்., எச்.டி. ரேடியோ இரண்டில் எது என்று அந்தப் பரிந்துரை சொல்லவில்லை.

பதிமூன்றில் நம் பக்கத்துக்குச் சென்னை ஒன்றுதான். கோவை இல்லை, மதுரை இல்லை, திருச்சி இல்லை. புதுச்சேரியும் கடலூரும் விழுப்புரமும் யார் நினைவுக்கும் வராது. சரி, பெரிய ஊரில் தொடங்கிப் படிப்படியாக வருவார்கள் என்று ஒருவர் சொல்லலாம். என் சண்டை ஊர்ப் பட்டியலோடு அல்ல, ஏலத்தோடு.

ஏலம் எதற்கு வந்தது? காற்றில் இடம் குறைவு, கேட்பவர் அதிகம், ஆகவே அதிக விலை கொடுப்பவருக்கு என்பதுதான் காரணம். அந்த இடக் குறைவிலும் பாதி நாமே உண்டாக்கியது. நம் நாட்டில் ஓர் ஊரின் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டார்கள். அதைப் பாதியாக்கலாம் என்று டிராயே பல முறை சொல்லியும் காதில் விழவில்லை. இப்போது டிஜிட்டல் வந்து, ஒருவர் உட்கார்ந்த இடத்தில் நான்கு பேர் உட்காரலாம் என்கிறது. இடம் பெருகினால் விலை குறைய வேண்டும், புதியவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும். நடக்கப் போவது என்ன? அந்த நான்கு இடத்தையும் ஒரே கையில் கொடுத்து, அதற்கும் ஏலம். சென்னைக்கு டிராய் சொல்லும் அடிப்படை விலையே நூறு கோடிக்கு மேல். ஒரு மீனவர் சங்கமோ, தமிழ்ச் சங்கமோ, ஓய்வூதியர் சங்கமோ அந்த ஏலக் கூடத்தின் வாசற்படியை மிதிக்க முடியுமா?

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வங்காள கிரிக்கெட் சங்கம் போட்ட வழக்கு. கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற தகராறில், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல, பொதுநலனுக்காக ஒரு தன்னாட்சி அமைப்பு அதை முறைப்படுத்த வேண்டும் என்ற பெரிய உண்மை வெளிவந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளில் அந்தப் பொதுச் சொத்தை எப்படி விற்பது என்பதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறோம். 1999இல் முதல் கட்டம், 2005இல் இரண்டாம் கட்டம், 2011இல் மூன்றாம் கட்டம். 2024 ஆகஸ்டில் 234 ஊர்களில் 730 எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, அடிப்படை விலையாக 784.87 கோடி ரூபாய் என்று பைசாவரை கணக்குச் சொன்னார்கள். தன்னாட்சி அமைப்பு எங்கே? டிராய் பரிந்துரை செய்யலாம், முடிவு அமைச்சகத்தின் கையில். உரிமம் கொடுப்பதும் அமைச்சகம், எதைப் பேசலாம் என்று விதி போடுவதும் அமைச்சகம், ஊரிலேயே பெரிய ரேடியோ இருக்கும் பிரசார் பாரதிக்குப் பணம் கொடுப்பதும் அதே அமைச்சகம்.

வீட்டுப் பெட்டியில் அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய், தபால் ஆபீசில் கட்டி வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். தவறினால் இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயம். 1967இல் புதுச்சேரி வானொலி நிலையம் தொடங்கிய நாட்களில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் ரேடியோ. ஒரு வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுக்காமல், சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்பார். கேட்பதற்கு லைசென்ஸ் வாங்கிய தலைமுறை நாம். 1980களின் நடுவில் அது ஒழிந்தது. இன்று வீட்டில் உட்கார்ந்து கேட்பது இலவசம். பேச வேண்டும் என்றால் கோடி.

இங்கே என் பழைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எழுத்தராக இருந்த பிரிவுகளில் ஒன்று உரிமம் கொடுக்கும் பிரிவு. மனு வரும், குறிப்பெழுதி மேலே அனுப்புவோம், "கூடுதல் விவரம் கேட்கவும்" என்று திரும்பி வரும். விவரம் வந்தால் இன்னொரு விவரம். மனுதாரர் இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று விதி இருந்தது, அலுவலகம் இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று விதி இல்லை. சிலருடைய கோப்பு மட்டும் ஒரே நாளில் மூன்று மேஜை தாண்டும். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் ஏலத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எனக்கு நன்றாகவே புரியும். ஏலத்தில் சிபாரிசுக் கடிதம் செல்லாது, யார் அதிகம் கேட்டாரோ அவருக்கு. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்த பிறகு, ஏலத்தைத் தவிர வேறு எதைத் தொடவும் எந்த அதிகாரிக்கும் கை நடுங்குகிறது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அந்த வழக்கு டெலிபோன் கம்பெனிகளைப் பற்றியது. டெலிபோன் கம்பெனி விற்பது இணைப்பு. ரேடியோ கொடுப்பது பேச்சு. பேச்சுரிமையை அதிக விலைக்குக் கேட்டவருக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? இப்போது கிடைக்கிறதே, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதே பாட்டு, அதே சிரிப்பு, அதே நகைக்கடை. போட்ட கோடியை எடுக்க வேண்டியவர் வேறு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேறு வழி உண்டா என்றால் உண்டு. நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் அந்த நாட்டுப் பத்திரிகைகளை இன்றும் புரட்டுகிறேன். பிரான்சைத் தலையில் வைத்து ஆடுகிறான் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். 1981 வரை அங்கும் அரசு ஏகபோகம்தான். மக்கள் எல்லைக்கு வெளியே டிரான்ஸ்மிட்டர் வைத்த ஆர்.டி.எல்., யூரோப் 1 ஆகியவற்றைக் கேட்டார்கள். நாம் செய்ததும் அதுவே. 1952இல் அமைச்சர் கேஸ்கர் திரைப்படப் பாட்டைத் தடுத்தார், நாடே இலங்கை வானொலிக்குப் போனது. திரும்பக் கூப்பிட 1957இல் விவிதபாரதி தொடங்க வேண்டியிருந்தது. பிரான்சில் 1979இல் சோஷலிஸ்ட் கட்சி 'ரேடியோ ரிப்போஸ்த்' என்று அனுமதியில்லாமல் ஒலிபரப்பியது, அதற்காக மித்தரான் மீதே வழக்குப் பாய்ந்தது. இரண்டே ஆண்டில் குற்றம் சாட்டப்பட்டவர் ஜனாதிபதி ஆகிவிட்டார், ரேடியோவும் திறந்துவிடப்பட்டது.

அங்கே ரேடியோவுக்கு அலைவரிசை ஏலம் கிடையாது. ஆர்கோம் என்ற ஆணையம், அமைச்சகம் அல்ல, மனுக்களைக் கூப்பிடுகிறது. நிலையங்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் முதல் வகையே சங்கங்கள் நடத்தும் ரேடியோ. விளம்பர வருமானம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பதிலுக்கு அரசு நிதியிலிருந்து உதவி உண்டு. அலைவரிசைக்குக் காசு வாங்குவதில்லை, கடமையை வாங்குகிறார்கள்: உள்ளூர் நிகழ்ச்சி இவ்வளவு நேரம், பிரெஞ்சுப் பாட்டு இத்தனை சதவீதம். டிஜிட்டலில், டி.ஏ.பி. பிளஸ் என்ற முறையில், ஒரே அலைவரிசைத் தொகுதியில் பதிமூன்று நிலையங்கள் உட்காருகின்றன. பதிமூன்று ஊருக்கு அல்ல, பதிமூன்று நிலையத்துக்கு. அவற்றை ஒரே ஆளுக்குக் கொடுக்காமல் வெவ்வேறு நிலையங்களுக்குத் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறார்கள்.

முட்டாள்தனம் என்றேனே, அது இது. 2007இல் ஒரு தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்து, அது சரிப்படாமல், 2013இல் டி.ஏ.பி. பிளஸ்ஸுக்கு மாறினார்கள். 2014 ஜூனில் பாரிஸ், மர்சேய், நீஸ் மூன்று ஊரில் தொடங்கியபோது பெரிய ரேடியோக் குழுமங்கள் ஒதுங்கி நின்றன, எஃப்.எம்.மில் வரும் லாபத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று. நாடு தழுவிய டிஜிட்டல் 2021இல்தான் வந்தது. ஆனால் ஒரு காரியம் சரியாகச் செய்தார்கள். மக்கள்தொகையில் 20 சதவீதத்துக்கு ஒலிபரப்பு எட்டிவிட்டால், அதன்பின் விற்கும் புது ரேடியோக்களில் டிஜிட்டல் கட்டாயம் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 2018 முடிவில் எட்டியது, கட்டாயம் தானாக வந்தது. கார்களுக்கு 2020 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய யூனியன் முழுக்க விதி. சர்செல்லில் இருக்கும் என் தங்கை மகன் சமையலறையில் வைத்திருக்கும் சின்னப் பெட்டியில் டிஜிட்டல் வருகிறது. அவன் அதைத் தேடி அலையவில்லை, ரேடியோ கேட்டான், கடைக்காரர் கொடுத்தார்.

அவசரப்பட்டாலும் ஆபத்து உண்டு. நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம்.மை அணைத்தது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியில் அணைத்தது, நேயர்கள் பலரை இழந்தது. பழையதை அணைக்க இங்கே யாரும் தேதி குறிக்கவில்லை. அதை மட்டும் நான் பாராட்டுகிறேன்.

இனி செய்தி விஷயம். என் கோபம் அதிகம் இங்கேதான். தனியார் எஃப்.எம். நிலையம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு சலுகை கொடுத்தது: அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தண்ணீர், மின்சாரம், பேரிடர் அறிவிப்பு செய்தியாகக் கருதப்படாது. பேரிடர் என்றால் உள்ளூர் நிர்வாகம் கொடுத்த தகவலாக இருக்க வேண்டும். டி.வி.யில் இருபத்து நாலு மணி நேரமும் கத்துகிற செய்திச் சேனல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. யூடியூபில் வாய்க்கு வந்ததைப் பேசலாம். பத்திரிகை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ரேடியோ வாய் திறந்தால் மட்டும் நாட்டுக்கு ஆபத்து. 2013இலேயே காமன் காஸ் என்ற அமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் டிராய், மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தது. சமுதாய வானொலிக்கும் இதே வாய்ப்பூட்டுத்தான். பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி போல நாட்டில் ஐந்நூறுக்கு மேல் உண்டு. நூறு வாட் சக்தி, சில கிலோமீட்டர் தூரம். அதில் பேசும் பெண்கள் தங்கள் தெருவில் நடந்ததைச் செய்தியாகச் சொல்லக் கூடாது.

2024 நவம்பர் 30 இரவு உங்களுக்கு நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் கரண்ட் போனது, செல்போன் மறுநாள் மதியம் செத்தது. பழைய பிலிப்ஸ் டிரான்சிஸ்டரைத்தான் நானும் எதிர்வீட்டுக்காரரும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. கடலூர்ப் பக்கம் மகளைக் கொடுத்திருக்கும் எதிர்வீட்டம்மா, "ஆத்துல தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொல்றானான்னு பாருங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கையைப் படித்தார்கள், தவறில்லை. ஆனால் ஓர் உள்ளூர் நிலையம் பாலத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல நினைத்தாலும் விதிப்படி அது செய்தி. பாட்டுப் போடலாம். கலெக்டர் ஆபீஸ் கொடுத்த தாளைப் படிக்கலாம். ஆற்றைப் பார்க்கக் கூடாது.

டி.ஆர்.எம்.மில் அவசர எச்சரிக்கைக்கு என்றே ஒரு வசதி உண்டு. வேறு நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தாலும் பெட்டி தானாக எச்சரிக்கைக்கு மாறும், எழுத்திலும் காட்டும். நம் கடற்கரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது இருக்க வேண்டிய இடம் வீராம்பட்டினத்துப் படகு. இருக்கும் இடம் காரின் டேஷ்போர்டு.

விதியை யார் எழுதினாலும் மூன்று வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். டிஜிட்டலில் ஓர் அலைவரிசைக்கு மூன்று இடம் வருகிறதென்றால், அதில் ஒன்றை ஏலத்திலிருந்து எடுத்து, உள்ளூர்ச் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கட்டணமில்லாமல் ஒதுக்குங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்கு மறுத்தீர்கள், ஏன் என்று காரணத்தோடு வெளியிடுங்கள், அறுபது நாளுக்குள். சிபாரிசுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. காரணம் எழுத வேண்டும் என்றால் எங்கள் பிரிவில் பல கோப்புகள் வேறு மாதிரி போயிருக்கும். இரண்டாவது, இந்தத் தேதிக்குப் பின் விற்கும் ரேடியோவில் டிஜிட்டல் கட்டாயம் என்று ஒரு நாளைக் குறியுங்கள். மூன்றாவது, பத்திரிகைக்குப் பொருந்தும் அதே சட்டத்துக்கு உட்பட்டு ரேடியோவும் செய்தி சொல்லட்டும்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஸ்பீடு போஸ்ட்டில்தான், பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்களே. போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. பதினெட்டு நாள் ஆகிறது. எந்த மேஜையில் இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.